ஒட்டி எழுதிய கழித்தல் குறி

மூன்றாம் எண் தொட்டியின் இரும்பு மூடியில் அந்த அண்ணனின் கை. பெருவிரல் பக்கம் கிழிந்த தோல் கையுறை. ஏணியின் கீழே நின்று நான் கத்துகிறேன், அவருக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது அந்தக் கைதான் முதலில் கண்ணில் நிற்கிறது.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், பாசிர் கூடாங்கில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை. கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். அந்த அண்ணன் பக்கத்து ஊரான மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஆப்பரேட்டர். ஒவ்வொரு முறை தொட்டித் தண்ணீர் சூடானதும் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து மாதிரி எடுப்பார். சூடு எண்பது டிகிரியைத் தாண்டக்கூடாது. அதைக் கவனித்துக்கொண்டது சி மொழியில் நிரல் எழுதிய ஒரு பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி. அந்த நிரலை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் கம்பைலர் அதைவிடக் கிழம்.

வெப்பமானி இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியதால், திருத்தம் என்ற இடத்தில் =-2 என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். திருத்தத்தின் மதிப்பு இனி கழித்தல் இரண்டு என்பது என் எண்ணம். என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தபோது சரியாகவே வந்தது. இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவது என் பழக்கம். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

மறுநாள் காலை அவர் என் அறைக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, மூணாம் நம்பர் தண்ணி ரொம்ப சூடா இருக்கு லா. ஏணில ஏறுறப்பவே முகத்துல அடிக்குது."

திரையைப் பார்த்தேன். எண்பது. "மெஷின் பொய் சொல்லாதுண்ணே. வெளிய வெயில் அப்படி" என்று சிரித்துத் தொலைத்தேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே தொட்டிப் பக்கம் போனார்.

ஆனால் சும்மா அலுவலகப் படியேறுகிற ஆள் இல்லை அவர். மனசு கேட்காமல், பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். அந்தக் காலத்து சி மொழியில் =- என்பது சேர்ந்து ஒரே குறியாம்; 'இருப்பதிலிருந்து கழி' என்று பொருளாம். இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் பிற்பாடு அதை -= என்று திருப்பிப் போட்டார்கள். எங்கள் கிழம் மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு முறை தொட்டியைச் சூடாக்கத் தொடங்கும்போதும் இன்னுமொரு இரண்டு கழிந்திருக்கிறது. பதினோரு முறை ஓடியிருந்தது; மொத்தம் இருபத்திரண்டு டிகிரி கழிந்திருந்தது. திரையில் எண்பது, தொட்டிக்குள் கொதிக்கிற தண்ணீர்.

ஓடினேன். அவர் ஏணியின் உச்சியில், காதில் அடைப்பானோடு நின்றார். "அண்ணே, தொறக்காதீங்க!" என் குரல் இயந்திரச் சத்தத்தைத் தாண்டவில்லை. அவர் கை மூடியின் பிடியைத் திருப்பத் தொடங்கியது. தூணிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தேன். எல்லாம் நின்று அபாய மணி அலறியது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், கையை எடுத்தார். லேசாகத் தளர்ந்திருந்த மூடியின் விளிம்பில் ஆவி சீறியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை. இன்றைய கம்பைலர்கள் =-2 என்று எழுதினாலும் தவறாகப் படிப்பதில்லை. ஆனாலும் சமக்குறிக்குப் பிறகு நான் இடைவெளி விடாமல் எழுதியதே இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். என் பயம் அந்தக் குறியைப் பற்றியது மட்டுமல்ல.

அன்று மதியம் கேன்டீனில் என் தவறை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"அந்தக் குறியெல்லாம் எனக்குப் புரியாது தங்கச்சி. பழைய மெஷின், நீங்க என்ன செய்வீங்க. ஆனா நான்தான் வந்து சொன்னேன்ல? அப்ப ஏன் நம்பல?"

பதில் எனக்குத் தெரியும். அவர் ஆப்பரேட்டர், நான் படித்தவள். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அன்று எனக்குத் தைரியமில்லை. இன்றும் இல்லை.