அலமேலு பெயரில் நான் எழுதிய குறிப்பு

புத்தக வாசனை என்றால் எனக்கு இன்றும் அந்துருண்டை வாசனைதான். சங்கராபுரத்தில் நான் எட்டாவது படித்த பள்ளியில், வகுப்பு மூலையில் நின்ற இரும்பு "பீரோ"வைத் திறந்தால் காகிதத்துக்கு முந்திக்கொண்டு அதுதான் மூக்கில் ஏறும். புத்தகத்தை "கசங்காம வெச்சிக்கணும்" என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே நூலக விதி. யாரும் படிக்காததால் அந்த விதி வெகு சிறப்பாகக் காப்பாற்றப்பட்டது. சாவி வகுப்புத் தலைவியான என்னிடம் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்ததைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி "இன்ஸ்பெக்ஷன்" வருவார். அதற்குள் வாசிப்புக் குறிப்பு நோட்டு தயாராக வேண்டும். பிள்ளைகள் படித்த கதையைச் சொல்ல, தலைவி எழுதிக்கொள்வதாக ஏற்பாடு. சொன்னவர் ஒருவரும் இல்லை. பின்னட்டையில் இருந்த நாலு வரியைப் பார்த்து எல்லார் பெயரிலும் நானே இட்டுக்கட்டினேன். "அதிகாரி வந்தா பேப்பர்தான் பேசணும்" என்பார் தமிழய்யா. எனக்கு அதில் பெருமை வேறு.

பீரோவைத் துடைக்கும் வேலை அலமேலுவுக்கு. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் அவள். "மலைப் பசங்க நல்லா வேல செய்வாங்க" என்று அவளிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். துடைக்கத் துடைக்க அவள் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். விடுதிக்கு ஒரு புத்தகம் எடுத்துப்போகட்டுமா என்று தமிழய்யாவிடம் கேட்டுக்கேட்டு, இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் வாரம் ஒன்று தருவதாக அவரிடம் வாக்கும் வாங்கியிருந்தாள்.

வந்த அதிகாரி நோட்டைப் புரட்டி, அலமேலுவை எழுப்பி, ஆட்டைத் தொலைத்த சிறுமியின் கதையைச் சொல்லச் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். முடிவுக்கு வந்தபோது நான் அதிகாரி கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன்.

"ஆடு கெடைக்கல சார். வெறுங்கயித்தப் புடிச்சிக்கினு வூட்டுக்கு வர்றா. அவங்கம்மா ஒண்ணும் கேக்கல, கஞ்சி ஊத்திக் குடுக்கறாங்க."

"ஆடு கெடச்சி எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்கன்னு இங்க நீயே சொல்லியிருக்கியேம்மா," என்றார் அதிகாரி.

அலமேலு நோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினால் முடிந்தது. சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். படிக்காமலே படித்ததாகச் சொல்வது தப்பு என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த வகுப்புக்குப் போனார்.

"நோட்டுல இருக்கறத சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? இனிமே பீரோ பக்கம் வராத," என்றார் தமிழய்யா. உண்மை அவருக்கும் தெரியும். அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவள் பார்த்தது என்னைத்தானே.

அன்று மாலை எல்லோரும் போனபின் அந்தப் புத்தகத்தை எடுத்து, ஒருவேளை அவள் சொன்னது தப்பாக இருக்காதா என்ற நப்பாசையில், முதல் வரியிலிருந்து படித்தேன். வெறுங்கயிறு இருந்தது. கஞ்சியும் இருந்தது. நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அதுதான். அலமேலுவிடம் மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்; சாமை அறுப்புக்கு மலையேறிப் போனவள் திரும்பி வரவில்லை. ஏனென்று நான் விசாரிக்கவும் இல்லை.

போன மாதம் அதே பள்ளியில் வாசிப்புப் பழக்கம் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். அந்த பீரோ இப்போது இல்லை. திறந்த அலமாரியிலிருந்து பிள்ளைகள் கேட்காமலே எடுத்துப்போகிறார்கள், பக்கங்கள் தாராளமாகக் கசங்கியிருக்கின்றன. பயமில்லாமல் படியுங்கள், படித்ததை உள்ளபடி சொல்லுங்கள் என்று அரைமணி நேரம் முழங்கினேன்.

முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "நீங்க மொதமொதல்ல முழுசா படிச்ச புக்கு இன்னா மேடம்?" என்று கேட்டாள்.

நான் வேறொரு புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.