கார்த்திகைக் கடல்

பூந்தமல்லி லேத் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன் குமார். மாசியில் நாங்கள் இருவரும் ஆளில்லாத ஒரு கடற்கரையில் ஆசை தீரக் குளித்தோம். கார்த்திகையில் அவனை மறுபடியும் அங்கே அழைத்துப் போனேன்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் தடுத்தார். “வாடைக்காத்து நேரம்பா. உள்ள இழுக்கும், எறங்காதீங்க.”

குமார் தயங்கினான். “வேணாம் மச்சான், அலை பெருசா கீது.”

“நாம குளிச்ச எடம்தானே, வாடா” என்று கையைப் பிடித்து இழுத்தவன் நான்தான்.

இரண்டாவது அலை எங்களைப் பிரித்தது. அந்த மீனவர் நீந்தி வந்து என்னைக் கரையில் போட்டுவிட்டு, மறுபடியும் கடலுக்குள் போனார். குமாரை உயிரில்லாமல்தான் கொண்டுவர முடிந்தது.

தன் சட்டையை எனக்குப் போர்த்திவிட்டார். ‘அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருடமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அன்று அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் அழுதிருப்பேனோ என்னவோ.