தாத்தாவின் பேருக்குக் கீழே ஒரு வரி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. போன மாதம் அங்கே நின்று முழி பிதுங்கினேன்.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு 'கண்ணீர் அஞ்சலி' பேனர் அடிக்க வேண்டும். அம்மாவின் அப்பா. மானாம்பதிக்காரர். எண்பத்து நாலு வயசு. போட்டோ கொடுத்தாச்சு, பேர் கொடுத்தாச்சு. கம்ப்யூட்டரில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "பேருக்குக் கீய இன்னா சார் போடறது? ஒரு வரிக்குத்தான் எடம் கீது" என்றார்.

வாராவாரம் ஒரு பக்கம் எழுதுகிற ஆள் நான். ஒரு வரி வரவில்லை!

'விவசாயி' என்று போடலாம். பொன்னி பயிரிட்டவர்தான். ஆனால் வயலைவிடத் தேனீப் பெட்டிகளோடு அதிக நேரம் இருந்தவர் ஆயிற்றே? சரி, தேனீ வளர்ப்பவர்... அப்போ வாலிபால்? எழுபத்தெட்டு வயது வரை சுத்துப்பட்டு மேட்சுகளுக்கெல்லாம் அவர்தான் ரெஃப்ரி. மார்கழி பஜனையில் ஆர்மோனியம். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஊரார் கைக்கடிகாரங்களுக்கு ரிப்பேர். மொட்டை மாடியில் டப்பா வைத்து மழையை அளந்து நோட்டில் எழுதுவார் — இந்த வருஷம் ஏரி நிரம்புமா என்று ஊரே அவரைத்தான் கேட்கும். வெளிநாட்டு வானொலிகளுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் அனுப்பிய அட்டைகளை டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார்.

போதாததற்கு, அறுபத்தெட்டு வயதில் உத்திரமேரூர் ஜவுளிக்கடை பாயிடம் உட்கார்ந்து உருது எழுதப் படிக்கப் பழகினார். எதற்கு? கடைச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். அவ்வளவுதான் காரணம்!

அம்மா காலையிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தாள். "ஒயுங்கா ஒரு வரி எய்திக் குடுடா. உசுரோட இருந்த வரைக்கும் நைனாவ 'ஒண்ணுலயும் நிக்காத மனுசன்'னே சொல்லிக்கினு இருந்தாங்க. காரியத்துக்கு வந்தும் அதையே சொல்லக் கூடாது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னவர்களில் நானும் உண்டு. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் பெரிய ஆளாகியிருப்பீர்களே என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். ரிப்பேர் பார்த்த கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பெரிய ஆளாயி இன்னா பண்றது? காலைல எயுந்தா இன்னிக்கி இன்னா பண்லாம்னு ஆசையா கீது. அது போதும் எனக்கு."

அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன். ஃப்ளெக்ஸ் கடையில் நிற்கும்போது வெட்கமாக இருந்தது.

கடைசியில் எட்டையும் டைப் செய்து கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இதில் எது என்று அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன். பந்தல், சமையல் என்று அலைந்ததில் நான் அம்மாவைக் கேட்க மறந்தேன். கடைக்காரர் வாய்ஸைக் கேட்க மறந்தார்.

காரியத்தன்று காலை ஊர் பஸ் நிறுத்தத்தில் பேனர் ஏறியது. எட்டும் இருந்தன, வரிசையாக! தாத்தாவின் படம் ஸ்டாம்ப் சைஸில் ஒரு மூலைக்குப் போயிருந்தது.

மாமா தலையில் அடித்துக்கொண்டு, "ஓட்டல் மெனு மாரி கீது" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. வேறு அடிக்க நேரமும் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் பேனருக்கு முன்னால் நின்றார்கள். படித்தார்கள். நகரவில்லை. வாலிபால் கோஷ்டி உருது என்ற வரியைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பாய் தேனீ வரியைப் பார்த்து அசந்து போனார். இருபது வருஷம் சேர்ந்து டீ குடித்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்! பஜனைக்காரர்களுக்கு வானொலி புதுசு. ஆளுக்கொரு தாத்தாவைத் தெரிந்து வைத்திருந்தார்கள். முழுசாக யாருக்குமே தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்...

அப்போதுதான் பக்கத்து ஊரான பெருநகரிலிருந்து வந்த ஓர் அம்மாள் எட்டு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, "தையல் உட்டுப்போச்சே?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"எங்க வூட்டுக்காரரு டெய்லரு. ஒரு தீவாளி நேரத்துல அவுருக்குக் கால் ஒடிஞ்சிபோச்சி. வாங்கின துணியெல்லாம் அப்டியே கெடக்குது. பத்து நாளு பெரியவருதான் வந்து மிஷின்ல குந்திக்கினு அத்தினி ஜாக்கெட்டும் தச்சிக் குடுத்தாரு."

"எங்க நைனாவா?" என்றாள் அம்மா. நம்பாமல் இன்னொரு தடவையும் கேட்டாள். அந்தப் பத்து நாளும் வாலிபால் டோர்னமென்ட் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். தையலை எங்கே, எப்போது கற்றார்? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அம்மா ஒரு மார்க்கர் பேனாவை வரவழைத்தாள். எட்டாவது வரிக்குக் கீழே, கோணல் எழுத்தில், 'தையல்காரர்' என்று தானே எழுதினாள். பிறகு சொந்தக்காரர்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "வேற எதுனா உட்டுப்போச்சா?"

அவர்கள் ஒவ்வொருவராகப் பந்தல் பக்கம் நகர்ந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. என் பேருக்குக் கீழே என்ன போடுவார்கள்? இப்போதைக்கு ஒரு வரிதான் தேறும். அதனால் போன வாரம் ஒரு தேனீப் பெட்டி வாங்கியிருக்கிறேன். தேன் இன்னும் வரவில்லை... கொட்டு மட்டும் ரெண்டு வாங்கியாச்சு!