துணிக்குப் பின்னால் பார்த்த வண்டிக்காரர்

வீட்டில் பழைய படம் ஓடினால் என் மகள் என்னைக் கேலி செய்யாமல் இருக்கமாட்டாள். "அம்மா, உங்க ஆளு வந்துட்டாரு லா, சீக்கிரம் வாங்க" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பாள். உங்க ஆளு என்றால் கதாநாயகன் இல்லை. கோர்ட்டு சீனில் டவாலி போட்டுக்கொண்டு நிற்பவர், கல்யாணப் பந்தலில் கூட்டத்தோடு தட்டு ஏந்தி வரும் அம்மாள், கைப்பெட்டியோடு வந்து நாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகும் டாக்டர், இவர்கள்தான் என் ஆட்கள். கதாநாயகனைப் பார்க்க ஊரே இருக்கிறது, இவர்களைப் பார்க்க ஒருத்தியாவது வேண்டாமா? பெயர் போடும்போது 'மற்றும் பலர்' என்று எல்லோரையும் ஒரே வரியில் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பலரில் ஒருவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அப்போது நாங்கள் கோலா சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலிக்கு ஒரே கேட். பால் வெட்டப் போகும்போது சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது, காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். கேட்டில் ஒரு அம்மாள் எங்கள் மடியைத் தடவித் தடவிப் பார்ப்பாள். பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பிறகு ஒரு குஞ்சுகூட வெளியே போக முடியாது.

அப்படி அடைத்துவைத்த சனத்துக்கு மாதம் ஒருமுறை சர்க்கார் வேன் வந்து படம் காட்டும். முதலில் காட்டுக்காரனுக்கு உதவாதே என்று அரைமணி நேரம் புத்திமதி. அதைச் சகித்துக்கொண்டால் ஒரு தமிழ்ப் படம். திடலில் கோல் போஸ்டில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். துணிக்கு முன்னால் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியின் வீட்டு நாற்காலிகள், அவற்றுக்குப் பின்னால் கள் வாசனையோடு ஆண்கள். பெண்கள் நாங்கள் துணிக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்வோம். யாரும் எங்களை அங்கே விரட்டவில்லை. அங்கே காலை நீட்டலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், அழுதால் எவனும் திரும்பிப் பார்த்துப் பல்லிளிக்கமாட்டான். துணி மெல்லிசு, படம் இந்தப் பக்கமும் நன்றாகவே தெரியும்.

ஒன்றுமட்டும் எங்களுக்கு வினோதமாக இருந்தது. சினிமாவில் வரும் பெண்கள் எல்லோரும் முந்தானையை வலது தோளில் போட்டிருப்பார்கள். அது பட்டணத்து நாகரிகம் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். எங்கள் லயத்துக்கு வந்த ஒரு புது மருமகள் மாரியம்மன் திருவிழாவுக்கு அதே மாதிரி வலது தோளில் முந்தானை போட்டு வந்து, கோயில் வாசலிலேயே மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "இவ பெரிய சினிமா ஸ்டாரு!" என்று அவளைப் பல நாள் ஓட்டினோம்.

இனி அப்பா கதை. ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு மூன்று வயது. சண்டை முடிந்து, கூடப் போனவர்களில் இரண்டே பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர், அப்பா காலராவில் போய்விட்டதாகக் கேள்வி என்றார். இன்னொருவர், இல்லை, பர்மாப் பக்கம் வேறு முகாமுக்கு அனுப்பினார்கள் என்றார். இருவருமே கண்ணால் பார்க்கவில்லை. பர்மா வழியாக நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு என்று ஒரு பேச்சும் அப்போது இருந்தது. அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாகப் பொட்டையும் அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை.

அப்பா முகம் எனக்கு ஞாபகமே இல்லை. போட்டோவும் கிடையாது. இரண்டு விஷயம்தான் தெரியும். திருவிழாக் கூத்தில் வேஷம் கட்டினால் ஊரையே அழவைத்துவிடுவாராம். இன்னொன்று, அவர் நொட்டாங்கைக்காரர். பால் வெட்டும் உளியையும் இடது கையில் பிடித்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஓயாமல் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஒரு சாயங்காலம் வேன் கொண்டுவந்த படத்தில், புருஷன் பிழைக்கப் பட்டணம் போயிருப்பான், பெண்டாட்டி கிராமத்தில் காத்திருப்பாள். புருஷன் அங்கே செத்துப்போகிறான். அதைச் சொல்ல ஒரு மாட்டுவண்டி வந்து நிற்கிறது. வண்டிக்காரர் இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டுகிறார். அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, புருஷன் எப்போது வருகிறாராம் என்று கேட்டபடி செம்பில் தண்ணீர் நீட்டுகிறாள். அவர் வாங்குகிறார், வாய்வரை கொண்டுபோகிறார், குடிக்காமல் கீழே வைக்கிறார். வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை. வண்டியிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்து வாசற்படியில் வைக்கிறார். திரும்பி நடக்கிறார். அவருக்கு ஒரு வசனம் கிடையாது. மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்குமா? துணிக்கு இந்தப் பக்கம் எங்கள் பெண்கள் அத்தனை பேரும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

அம்மா அழவில்லை. என் மணிக்கட்டை உடைந்துவிடும்போலப் பிடித்தாள்.

"புள்ள, உங்கப்பாடி."

"என்னம்மா சொல்றீங்க?"

"செம்ப எந்தக் கையில வாங்குனாரு, பாத்தியா? வேற எவன்டி நொட்டாங்கையில வாங்குவான்? அந்த நிக்கிற நிலைய பாரு. அவருதான்டி."

ஆமாம், இடது கையில்தான் வாங்கினார், நானும் பார்த்தேன். ஐயோ, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பதினைந்து வயதில் எனக்கு ஒரு அப்பா கிடைத்துவிட்டார். அதுவும் எப்பேர்ப்பட்ட அப்பா! விடியும்வரை அந்த முகத்தை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே அம்மா கிராணியிடம் போய் நின்றாள். எங்கள் இரண்டு பேர் பெயரையும் வெட்டிவிடச் சொன்னாள், இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறோம் என்றாள். கிராணி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, சினிமாவுல பாத்தேன்னு சொல்லி பேர வெட்டச் சொல்றியே, வெளையாடுறியா? பேர வெட்டுனா லயத்து வீட்டக் காலி பண்ணணும். திரும்பி வந்தா வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"என் புருசன எனக்குத் தெரியாதாங்கய்யா?"

"மாசக் கடைசிவரைக்கும் யோசிச்சுப் பாரு. அப்பறமும் இதையே சொன்னா வெட்டிடுறேன்."

அம்மா யோசிக்கவே இல்லை. பெட்டியைத் துடைத்துத் துணியை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த மாதம் என்னவோ வேன் இன்னொரு முறை வந்தது, வேறு படத்தோடு. எனக்கு ஒரு ஆசை. தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவள் நான். இந்தப் படத்திலும் அப்பா நடித்திருந்தால் அவர் பெயரைப் படித்துவிடலாமே! எழுத்து ஓடும் நேரத்தில் நாங்கள் எப்போதும் பாய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம், யாரும் துணியைப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். எழுத்தெல்லாம் தலைகீழாக இல்லை, ஆனால் பின்னாலிருந்து முன்னால் ஓடின. எழுந்து துணியைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன். அங்கே எழுத்து நேராக இருந்தது. கதாநாயகி வந்தாள். முந்தானை இடது தோளில், நம்மைப்போல. ஓடிப்போய் மறுபக்கம் பார்த்தேன், வலது தோள். அப்படியென்றால் அந்த வண்டிக்காரர் செம்பை வாங்கியதும் வலது கையில்தான். எல்லோரையும்போல.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் அப்பா போய்விடுவார், சொல்லாவிட்டால் வீடு போய்விடும். மாசக் கடைசி நெருங்க நெருங்கப் பயம் தாங்காமல் சொல்லிவிட்டேன். அம்மா என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"உனக்கு அப்பன் வேணாமாடி? படிச்ச திமிரா?"

நல்லவேளையாக அந்த வண்டிக்காரர் படம் பத்தாங் பெர்ஜுந்தாய்த் தகரக் கொட்டகைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லோரி போகும், பகல் ஆட்டம் பார்த்துவிட்டு கேட் பூட்டுமுன் திரும்பிவிடலாம். போகலாம் என்று சொன்னது அம்மாதான். "கிட்டக்க உக்காந்து பாத்துட்டு வரலாம், வா. அப்பறம் நீயே சொல்லுவ." இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டினாள். தலையில் பூ வைத்தாள். லோரியில் அவளைப் பார்த்தவர்கள் "என்னக்கா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார்கள்.

முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டி வந்து நின்றது. அவள் செம்பை நீட்டினாள். அவர் வலது கையில் வாங்கினார்.

என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி தளர்ந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. திரையையே பார்த்தேன். மெல்லிய துணிக்குப் பின்னால் தெரியாததெல்லாம் இப்போது தெரிந்தது. அவர் தண்ணீர் குடிக்கவில்லை, ஆனால் தொண்டை மட்டும் விழுங்குகிறது. கதாநாயகி முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் காலடிக் கோலத்தைப் பார்க்கிறார். அந்தக் கோலத்தை மிதித்துவிடாமல் எட்டிப்போய் மூட்டையை வைக்கிறார். துணிமூட்டை அது, ஆனால் தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல வைக்கிறார். அம்மாடி! யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் இதை? கதாநாயகி அந்தக் காட்சியில் பேசிப் பேசி அழுகிறாள், அவள் சொன்ன ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில்லை. இவர் வாயே திறக்கவில்லை, கொட்டகை முழுக்க மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தது. கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தவன் கூடக் கையை நிறுத்திவிட்டான்.

திடீரென்று பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள். பின்னாலிருந்து "ஏய், உக்காரு லா!" என்று கத்தினார்கள். அவள் காதில் அது விழவில்லை. திரையைப் பார்த்து, வீட்டு வாசலில் நிற்பவரிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"சொல்லுங்கண்ணே. பரவால்ல, சொல்லுங்க."

அண்ணே என்றாள். இருபது நாளாகப் புருஷன் என்று நம்பியிருந்தவரை அண்ணே என்றாள். அவர் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அம்மா அப்படியே பெஞ்சில் விழுந்து, பன்னிரண்டு வருடமாக அழாத அழுகையை அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்த முறை யாரும் கத்தவில்லை. முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அம்மாள் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, படம் முடியும்வரை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த நடிகரை அதற்குப் பிறகு நான் மூன்று படங்களில் பார்த்துவிட்டேன். ஒன்றில் படகோட்டி. ஒன்றில் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரர். மூன்றாவதில் பிணம், முகத்தில் ஈ உட்கார்ந்தும் இமை அசையவில்லை. பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், எதிலும் இல்லை. அவருக்கு நல்ல சாப்பாடு போட்டார்களோ இல்லையோ. அந்த இரண்டு நிமிஷத்துக்கு எவனாவது ஒருவன் கை தட்டினானோ இல்லையோ. கடல் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் மயிர் கூச்செறியும்.

அம்மா மறுநாள் கிராணியிடம் போய் எங்கள் பெயரை வெட்ட வேண்டாம் என்று சொன்னாள். அடுத்த வாரம் கோலா சிலாங்கூர் ஆற்றங்கரைக்குப் போனோம். காரியம் செய்ய வந்த பண்டாரம், தர்ப்பையை எடுத்துவைத்துக்கொண்டே, இத்தனை வருஷம் கழித்துத் திதி எப்படிக் குறிப்பது, சாவுச் சேதி எப்போது வந்தது என்று கேட்டார். அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள்.

"யாரும்மா வந்து சொன்னது?"

"எங்கண்ணன் ஒருத்தர்ங்க. வண்டி கட்டிக்கிட்டு வந்து சொல்லிட்டுப் போனாரு."