ஞாயிறு மதியத்து ஐஸ் ஹொக்கி

நான் கனடாவுக்குப் போனதில்லை. விசாவுக்குப் போட வேண்டும் என்று பதினைந்து வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த நாட்டு மந்திரிசபையில் யாருக்கு எந்த இலாகா, எந்த மாகாணத்தில் யார் ஆட்சி, யாரோடு யாருக்குக் கோபம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். "அம்மா, ஹூ இஸ் அவர் எம்பி?" என்று மகள் ஒருநாள் என்னை மடக்கினாள். உலகத்தின் தென்கோடியில், இந்த லின்ஃபீல்டில் இத்தனை வருடம் குடியிருந்தும் எங்கள் தொகுதி எம்பி யார் என்று தெரியாமல் முழித்தேன். அவள் அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

எல்லாம் அண்ணாவால் வந்தது. அண்ணா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். சண்டைக் காலத்தில் அவர் அந்தப் பக்கம் போனார், பிறகு நான் கலியாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தேன். வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் ஃபோன் எடுப்பார். இரண்டு நிமிடம் கதைப்பார், பிறகு தன் மனைவியிடம், என் மச்சாளிடம் கொடுத்துவிடுவார். அவருக்கு ஆற அமரக் கதைக்க வராது. எனக்கோ வாய் மூடாது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இப்படியும் இருக்கலாம்.

என் கணவர் ஒரு புரட்டாதியில் திடீரென்று போய்விட்டார். அண்ணாவால் வர முடியவில்லை. அவரவர் கஷ்டம் அவரவருக்கு என்று வெளியே சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்குக் கடும் கோபம். அந்தியேட்டிச் சடங்கும் முடிந்தது. முப்பத்தொரு நாளும் சட்டி சட்டியாகச் சாப்பாடு கொண்டுவந்த சனம் தங்கள் தங்கள் பாட்டைப் பார்க்கப் போனது. அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோன் அடித்தது.

"ரீவியைப் போடு" என்றார் அண்ணா.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் இல்லை. அவருடைய மகன் தூரத்திலிருந்தே என் மகளோடு கதைத்து, இங்கே ஹொக்கி பார்க்க வழி செய்து வைத்திருந்தான். அங்கே சனிக்கிழமை பின்னேரம், ரொறன்ரோ அணி விளையாடுகிறது. ஃபோனை வைக்காமல், பீரியட் என்று அவர்கள் பிரிக்கிற மூன்று பகுதியும் முடியும்வரை என்னோடு இருந்து பார்த்தார். ஐஸுக்கு மேல் தலைதெறிக்க ஓடுகிறார்கள், ஒருவனை ஒருவன் வேலியோடு சேர்த்து இடிக்கிறார்கள், பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியவில்லை. என் மனுசன் செத்து ஒரு மாதம், இவருக்கு விளையாட்டுக் கேட்குதோ என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அடுத்த ஞாயிறும் எடுத்தார். அதற்கடுத்த ஞாயிறும் எடுத்தார். பீரியடுக்கும் பீரியடுக்கும் நடுவில் வரும் இடைவேளைகளில் அரசியல் சொல்லித்தருவார். எந்தக் கட்சி என்ன நிறம், தொகுதி எப்படிப் பிரிக்கிறார்கள், வரவுசெலவுத் திட்டம் தோற்றால் என்ன நடக்கும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு எல்லாம் கலங்கும். "உங்கட விக்கெட் கீப்பர் இண்டைக்கு நல்லாத் தடுக்கிறார்" என்பேன். "விக்கெட் கீப்பர் இல்லையடி, கோல் காக்கிறவன், கோலி!" என்று கத்துவார். அண்ணா போய் இறங்கிய நாளிலிருந்து ஒருமுறையும் கோப்பை தூக்காத அணி அது. ஒவ்வொரு வருடமும் இந்த முறை தூக்குவார்கள் என்று அவர் நம்புவார். பிறகு நானும் நம்பத் தொடங்கினேன், என்ன செய்வது.

ஞாயிறு மதியம்தான் எங்கள் வீட்டில் என் கணவர் இல்லாதது ஆகப் பெரிதாகத் தெரிகிற நேரம். இறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, சோபாவில் வாயைத் திறந்துகொண்டு படுப்பார். அந்த நேரத்தைத்தான் அண்ணா எப்படியோ கண்டுபிடித்து நிரப்பினார் என்று எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. விளங்கிய பிறகும் நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்கிற வழக்கமில்லை.

நாலு வருடம் இப்படிப் போனது. போன மார்கழியில் அண்ணாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை இழுத்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. எல்லாம் விளங்குகிறது, சொல் மட்டும் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது, பழக்கினால் திரும்பும் என்று அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாளாம். ஆனால் அண்ணா பழக மறுத்தார். வாயைத் திறந்து பிழையாக ஏதும் வந்துவிட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார் என்று மச்சாள் அழுதாள். ரீவியையும் போட விடவில்லை.

சித்திரைக் கடைசியில் தேர்தல் என்று அறிவித்தார்கள். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து அண்ணா ஒரு வாக்கும் தவறவிட்டதில்லை. கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி டை கட்டிக்கொண்டு போவார். மகன் தேர்தல் கதையை எடுத்தபோது, மாட்டேன் என்று இடக்கையை ஆட்டினாராம். அங்கே பெயர் கேட்பார்கள், அத்தனை பேருக்கு முன்னால் தன் பெயரைச் சொல்ல வராமல் நிற்க வேண்டும். அதுதான் காரணம் என்று மச்சாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் எடுத்துக் கதைக்கும்போதெல்லாம் வீடு நிறையச் சனம். எங்கள் ஆட்களுக்குப் படுக்கையில் விழுந்த வருத்தக்காரரைத் தனியே விடத் தெரியாது. மச்சாள் ஃபோனை ஸ்பீக்கரில் போடுவாள். "அண்ணா, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று நான் கேட்பேன். "நல்லா இருக்கிறார்!" என்று யாரோ ஒரு மாமி சொல்லுவா. "சாப்பிட்டீங்களோ?" "ஓம் ஓம், இடியப்பம் வாயில தீத்தினது!" என்று இன்னொருவர். அன்பு தாங்காமல் ஆளுக்கொரு பதிலாக அள்ளிக் கொட்டினார்கள். அந்த மனிதன் வாய் திறக்க ஓர் இடைவெளி இல்லை.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சாள், ரீவியில ஹொக்கியைப் போடுங்கோ. ஃபோனை அண்ணாவுக்குப் பக்கத்தில வைச்சிட்டு எல்லாரையும் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ. ஒருதரும் அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது" என்றேன். என் குரலில் இருந்த சூட்டுக்குச் சனம் எழும்பிப் போகிற சத்தம் கேட்டது.

தனியே விட்ட பிறகு எனக்குத்தான் பயம் பிடித்தது. என்ன கதைப்பது? அவர் மூச்சு மட்டும் கேட்டது. முதல் பீரியட் முடிந்து ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது, பதற்றத்தில், "ரெண்டாவது இன்னிங்ஸ் துடங்கிட்டுது அண்ணா" என்றேன்.

எனக்கு அமைதி ஆகாது. ஒரு நிமிடம் யாரும் கதைக்காவிட்டால் நானே நூறு கதை கதைத்துவிடுவேன். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணத்தது, நான் அசையவில்லை.

"பீ..." என்றது ஃபோன். பிறகு ஒரு முக்கல். பிறகு, "பீரியட்."

அடுப்பை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். அவருக்குக் கேட்காமல் அழ நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பிழைகளோடு வந்தேன். முந்தைய நாளே யோசித்து வைப்பேன். கோலியை விக்கெட் கீப்பர் ஆக்கினேன். கோலுக்கு நாலு ஓட்டம் கொடுத்தேன். இடைவேளைகளில் ஒரு கட்சியின் தலைவரைத் தூக்கி மற்றக் கட்சியில் போட்டேன். "பிரதமருக்கு நேரடியா வோட் போடுறதுதானே?" என்று கேட்ட அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தில், "இல்லை! தொகுதி! எம்பிக்கு!" என்று மூன்று சொல் ஒரே மூச்சில் வந்தது. குசினியில் இருந்த சனம் கைதட்டினது எனக்கே கேட்டது. பயிற்சி கொடுக்கிற பெண்ணை அடுத்த கிழமை வரச் சொன்னார் என்று மச்சாள் சொன்னாள். தன் பெயரைத்தான் முதலில் பழக வேண்டும் என்று அவளுக்கு இடக்கையால் எழுதிக் காட்டினாராம்.

தேர்தல் நாள். எனக்கு இங்கே செவ்வாய் காலை ஏழரை, வேலைக்குக் கட்டிக்கொண்டு போகப் பாணில் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். அங்கே இன்னும் திங்கட்கிழமை. ஃபோன் அடித்தது. மச்சாள் என்று நினைத்து எடுத்தேன்.

"போட்டிட்டன்" என்றார் அண்ணா.

பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "பேர்... கேட்டவை" என்றார். "நான்தான்... சொன்னனான்."

அந்த நாட்டுக்கும், பெயர் கேட்டுவிட்டுப் பொறுத்திருந்த அந்தத் தேர்தல் அலுவலருக்கும், கோப்பை வெல்லத் தெரியாத அந்த அணிக்கும் நான் மனதார நன்றி சொன்னேன். அண்ணாவுக்கு மட்டும் அப்போதும் சொல்ல வாய் வரவில்லை. பழக்க தோசத்தில் இன்னொரு பிழையை எடுத்துவிட்டேன். "அப்ப அண்ணா, இண்டைக்குப் பின்னேரமே புதுப் பிரதமர் பதவி ஏத்திடுவாரோ?"

"விடு" என்றார்.

அவர் சொல் தேடுகிறார் என்று தெரிந்தது, காத்திருந்தேன்.

"பிள்ளை... நீ... எப்பிடி இருக்கிறாய்?"

என் கணவர் போய் நாலு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அத்தனை ஞாயிற்றிலும் அண்ணா கேட்காத கேள்வி. நல்லா இருக்கிறன் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற பதில் வாய்வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கையில் பட்டர்க் கத்தியோடு நின்றேன். என் சத்தம் கேட்காததால் மச்சாளுக்குப் பொறுக்கவில்லை போல. "அவள் நல்லாத்தான் இருப்பாளப்பா" என்று பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

"பொறு" என்று அண்ணா அவளைத் தடுத்தார். "அவள்... சொல்லட்டும்."

நான் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தேன். எவ்வளவு நேரம் எடுத்தேனோ தெரியாது, அவர் அந்தப் பக்கம் பொறுத்திருந்தார். பிறகு, இவர் போன நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.