கரவெட்டி வானமும் செய்மதியின் கணக்கும்

விண்ணில் சுற்றிக் காற்றை அளக்கும் செய்மதி தலைக்கு மேலால் போகும் நேரத்தில் வீட்டு மேல்தளத்தில் நின்று, கைக்கடக்கமான ஒளிமானியைச் சூரியனுக்கு நேரே பிடிப்பதுதான் பிரசாந்தியின் வேலை. காற்றில் தூசியும் புகையும் எவ்வளவு என்று அது காட்டும். செய்மதி சொல்லும் அளவு சரியா என்று ஆய்வாளர் சோமசேகரம் அதை வைத்துத்தான் பார்ப்பார்.

நவராத்திரிக்குப் பிறகு இரண்டும் ஒத்துவரவில்லை. வானம் கழுவிவிட்டதுபோல் கிடக்க, ஒளிமானி மட்டும் புகைமூட்டம் என்றது.

"உம்மடை பக்கத்திலை ஆரோ குப்பை கொளுத்தீனம்போல. இண்டைக்கும் பிழைச்சால் அந்த இடத்தை விட்டிடுவம்," என்று காலையில் சோமசேகரம் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

இடம் போனால் வேலையும் போகும். பௌதிகவியல் படித்துவிட்டுக் கடையில் நின்றவளுக்குப் படிப்போடு ஒட்டிக் கிடைத்த முதல் வேலை.

செய்மதி வர இன்னும் கொஞ்ச நேரம். பருத்தித்துறைப் பக்கமிருந்து முகில் ஏறிக்கொண்டிருந்தது. சூரியனை மூடினால் இன்றைக்கு அளவே இல்லை. கருவியைச் சரித்துப் பார்த்தாள். கண்ணாடியில் மஞ்சளாய் ஒரு படலம்.

"இஞ்சருங்கோ! இதைத் தொட்டனீங்களோ?"

முற்றத்தில் உழவு மெசினைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் குகதாசன் நிமிர்ந்தான். "ஆயுத பூசையண்டு சந்தனம் வைச்சனான். மெசினுக்கு வைச்சிட்டு உதுக்கு விடுறதோ? பிறகு உடுத்திருந்த சாரத்தாலை துடைச்சும் விட்டனான்."

"கிறீஸ் சாரத்தாலையோ!"

"தோய்ச்ச சாரமப்பா."

ஏச நேரமில்லை. மெல்லிய துணியில் ஸ்பிரிற் தொட்டு நடுவிலிருந்து வெளியே துடைத்தாள். அழுத்தினால் கீறும், மெதுவாய்ப் போனால் முகில் முந்தும். முகில் சூரியனை நெருங்கியது. கருவியை உயர்த்தினாள், பொத்தானை அழுத்தினாள், திரும்பவும் அழுத்தினாள். இலக்கம் பாதியாக இறங்கியது. அதை அனுப்பி முடிக்கவும் முகில் மூடவும் சரியாக இருந்தது.

பின்னேரம் சோமசேகரமே தொலைபேசி எடுத்தார். "செய்மதியோடை அச்சாவாய்ப் பொருந்துது. குப்பை கொளுத்துறதை நிப்பாட்டிப்போட்டினமோ?"

ஓம் என்றால் முடிந்தது. ஆனால் வராத புகை, வந்ததாகவே கணக்கில் நிற்கும். சரியாய் அளந்த செய்மதி பிழையென்றாகும்.

"குப்பை இல்லை, சேர். கண்ணாடியிலை சந்தனம். பூசைக்குப் பிறகு அனுப்பினது எல்லாம் பிழை. வெட்டிவிடுங்கோ."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"கருவியை இனி நாங்கள் சோதிச்சுத்தான் தரவேணும்."

"இடம், சேர்?"

"இடத்திலை என்ன பிழை? நீரே கொண்டு வாரும். எப்பிடிப் பூட்டி வைக்கிறதெண்டும் பழகிக்கொண்டு போகலாம்."

"நாளைக்கே வாறன், சேர்."

"நானும் வரட்டோ?" என்றான் குகதாசன், கையைத் துடைத்தபடி.

"நீங்கள் மெசினைப் பாருங்கோ."