ஆறு நிமிடத்துக்கு இடமிருந்தது

வீடியோவின் அளவைக் குறைப்பது எப்படி என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பார்கள். கைபேசியில் எடுத்தது பெரிதாக இருக்கிறதாம், அனுப்ப முடியவில்லையாம். சொல்லிக்கொடுப்பேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஒரு பிள்ளையின் முகம் எனக்கு நினைவுக்கு வருவது அவர்களுக்குத் தெரியாது.

நான் கணித ஆசிரியனாக இருந்தவன். இலங்கை மலையகத்தில், றொசல்லைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருபத்தெட்டு வருடம் படிப்பித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கேமரா வாங்கி, சனி ஞாயிறுகளில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று படம் பிடிக்கப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு சீடி வந்தது. ஹட்டன் டவுனில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே அறை எடுத்து, கணினி வைத்து, நானே படத்தை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதில் முக்கியமானது படத்தைச் சுருக்கும் விதம். சுருக்கும்போது மென்பொருள் அசையாத பொருளை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் ‘முன்போலவே’ என்று குறித்துக்கொண்டு போகும். இடம் வேண்டியதெல்லாம் அசைவதற்குத்தான். தப்புப் பறை அடித்து ஆடுகிற கூட்டம், ஊற்றுகிற தண்ணீர், காற்றில் புரளும் மூடுபனி இவை இடத்தைத் தின்னும். சுவரோரம் உட்கார்ந்து பேசுகிற ஒரு பிள்ளைக்கு மிகக் கொஞ்சமே போதும். இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தப் பிள்ளை என் வகுப்பில் படித்தவள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பதை விட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அம்மா இல்லாத நேரத்தில் பிள்ளை பெரியவளானாள். அம்மா பார்ப்பதற்கென்றே சடங்கை வீடியோ எடுக்கச் சொல்லி என்னை அழைத்தார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவர்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் போய்விட்டேன். அப்பா தப்புக்காரர்களைக் கூட்டிவரத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போயிருந்தார். பெண்கள் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள் காம்பரா அறையில் அவள் மட்டும் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர்.

“சேர், கேமரா ஓடுதுங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“ஓட விடுங்க சேர். அம்மாகிட்ட கொஞ்சம் பேசிக்கிறேன். அப்பா வர்றதுக்குள்ள.”

நான் ஓட விட்டேன். அம்மா மாதம் ஒரு முறை தோட்டத்துக் கடைக்குத் தொலைபேசி எடுப்பாள். அப்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்பார் என்பதால் பிள்ளையால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை. அன்று சொன்னாள். சடங்கு முடிந்ததும் தன்னைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு விடப் பேசியிருக்கிறார்கள், அம்மா ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா அனுப்பமாட்டார், தான் ஓ.எல். பரீட்சை எழுதவேண்டும், தன் கணக்கு நன்றாக இருக்கிறதென்று சேரே சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் கேமராவுக்குப் பின்னாலிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாள். மற்றபடி அசையவில்லை. கைகளை மடியில் வைத்தபடி, அழாமல், பாடம் ஒப்புவிப்பதுபோல் ஆறு நிமிடம் பேசினாள்.

முடித்துவிட்டுக் கேட்டாள். “இது கட்டாயம் போயிரும்ல சேர்?”

“போயிரும்” என்றேன்.

மூன்று நாள் கழித்து அவளுடைய அப்பா ஸ்டூடியோவுக்கு வந்தார்.

“ஒரே சீடிதான் சேர். குவைத்துக்குத் திரும்பிப் போற பொம்பள ஒண்ணு கொண்டு போறேங்குது. அதுக்கு மேல பெட்டியில எடமில்லையாம். ஆனா வந்தவங்க மொகம் ஒண்ணு விட்டுறக் கூடாது.”

“எல்லாரும் வர்றதுன்னா படம் தெளிவு கொறையும் தலைவரே.”

“கொறைஞ்சா என்னா? மேல் டிவிசன்ல ஒரு சடங்கு சீடியில மச்சினன் மூஞ்சி வரலன்னு இன்னைக்கி வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்ல. என் மூஞ்சிய வேணும்னா வெட்டிப் போடுங்க. அது பாத்த மூஞ்சிதானே.” சிரித்தார். “மொதல்ல நம்ம லயத்துல எல்லாரையும் வச்சிப் போட்டுப் பாத்துட்டு அப்பறமா அனுப்புவோம்.”

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். எந்தச் சடங்கு சீடியும் முதலில் லயத்தில் ஓடும். தன் முகம் வருகிறதா என்று பார்க்க ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மழை பெய்துகொண்டிருந்தது, நான் கணினி முன் உட்கார்ந்தேன். வெட்டி ஒட்டிய படம் நூற்றாறு நிமிடம் வந்தது. வழக்கமான தரத்தில் ஒரு சீடியில் எண்பது நிமிடம் அடங்கும். தரத்தை இறக்கினால் நூறுக்கு மேலும் கொண்டுபோகலாம். வேறு வழிகளும் இருந்தன. தொடக்கத்தில் பூக்கள் சுழன்று என் ஸ்டூடியோவின் பெயர் வரும் இரண்டு நிமிடத்தை எடுத்திருக்கலாம். தாய்மாமன் சீர்த்தட்டுகள் லயத்துக்கு ஏறிவரும் பதினைந்து நிமிடத்தை ஏழாக்கியிருக்கலாம்.

நான் அந்த ஆறு நிமிடத்தை எடுத்தேன்.

இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. அந்தப் படம் லயத்தில் ஓடும்போது அப்பாவின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். படம் பிடிக்க வந்த வாத்தியார் குடும்பத்தில் கலகம் மூட்டிவிட்டார் என்பார்கள். அந்தத் தோட்டத்துச் சடங்குகளும் கல்யாணங்களும் அத்தோடு வேறு ஸ்டூடியோவுக்குப் போகும். பயந்தேன், அவ்வளவுதான். அந்த வாரமே அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிச் சீடி கொண்டுபோகிறவளிடம் கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

வெட்டிய இடம் தெரியாமலிருக்க, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் ரோஜாப்பூ ஒன்று விரிவதுபோல் வைத்தேன். பிறகு தரத்தையும் இறக்கி, படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு பட்டை மெல்ல மெல்ல நிறைந்தது. மாலைவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்குள் அந்த டேப்பின் மேலேயே வேறொரு கல்யாணத்தைப் பிடித்தேன். அப்போது எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான் செய்வோம், டேப் கிடைப்பது அரிது.

அடுத்த தவணை தொடங்கியபோது அவள் வகுப்புக்கு வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இரண்டு வாரம் நானே சுழியம் போட்டேன். பிறகு சிவப்புக் கோடு இழுத்தேன்.

ஆறேழு வருடம் போனது. நான் ஓய்வு பெற்று முழு நேரமும் ஸ்டூடியோவில் இருந்தேன். ஒரு நாள் பிற்பகல், படியேறி மூச்சு வாங்க ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு சீடி, துணியில் சுற்றி வைத்திருந்தாள். குவைத்திலிருந்து திரும்பிய அந்த அம்மா. அவளுடைய மகளும் கொழும்பை விட்டு வந்து, டவுனில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்து, தோழிகளோடு அறை எடுத்து இருந்தாள். அம்மாவைப் பார்க்க லயத்துக்கு வருவதில்லை.

“சேர், இதுல ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க.”

“என்னாம்மா இருக்கணும்?”

“தெரியலையே. எம் பொண்ணு எங்கிட்ட பேச மாட்டேங்குறா. கேட்டா, ‘சீடி பாத்தீங்கதானே, அப்பறம் என்னா’ங்குறா. நூறு தடவ பாத்துட்டேன் சேர். அங்க மேடம் வீட்டுல இல்லாத நேரமெல்லாம் போட்டுப் பாத்தேன். நான் ஏதோ ஒண்ண கவனிக்காம விட்டுட்டேன்போல.”

கணினியில் போட்டேன். இருவரும் பார்த்தோம். மஞ்சள் நீர் ஊற்றுகிற இடம் வந்ததும் அவள் திரைக்கு அருகில் குனிந்தாள். நீர் விழும்போது பிள்ளை கேமராவைப் பார்க்கிறாள். நான் தரத்தை இறக்கியிருந்ததால் முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து, சேர்ந்து, மறுபடி உடைந்தது.

“இந்த எடந்தான் சேர். கட்டங் கட்டமா தெரியுது. அழுவுறாளா சிரிக்கிறாளான்னே புரியல. இதத்தான் சொல்லுறாளோ?”

அந்தக் கணத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த அம்மா உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் இருந்த அறை அங்கிருந்து பத்து நிமிட நடை.

“படத்துல ஒண்ணுமில்லம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

சீடியைத் திரும்பவும் துணியில் சுற்றினாள். “அப்ப எங்கிட்டதான் ஏதோ கொறை” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் குறைந்தது. மற்றவர்களுடைய படங்களிலும் அந்தச் சதுரங்கள் வந்தன. தரம் குறையாத படத்தில்கூட, யாரோ ஒரு மணப்பெண்ணின் முகத்தில், பிறந்தநாள் பிள்ளையின் முகத்தில், ஒரு கணம் உடைந்து சேரும். நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. நீலச் சுவர் எங்கே தெரிந்தாலும் அதன் முன்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கண் போகும்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் விழுந்து இறந்துபோனாள். பதினாறாம் நாள் முடிந்த பிறகு மகள் வந்தாள். அம்மாவின் கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டாள். கூடவே அந்தச் சீடியும் கொண்டுவந்திருந்தாள். அம்மாவின் பெட்டியில் கிடந்ததாம்.

“சேலைக்கு நடுவுல வச்சிருந்தாங்க சேர். இவ்வளவு பத்திரமா வைக்கத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லத் தெரியல.”

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். பிறகு சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பயந்ததையும், ரோஜாப்பூவையும், அவளுடைய அம்மா இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதையும் சொன்னேன்.

அவள் சீடியை மேசைமேல் வைத்தாள். கீழே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“லயத்துல ஓடுனப்ப அது வரலன்னதும், அப்பாவுக்குத் தெரியாம அம்மாவுக்குப் போற சீடியில மட்டும் வச்சிருப்பீங்கன்னு நெனச்சிருந்தேன். அப்ப அம்மா அதப் பாக்கவே இல்ல.”

“பாக்கல.”

“டேப் இருக்கா?”

“இல்லம்மா. அதுமேல ஒரு கல்யாணம் எடுத்துட்டேன்.”

தன் கைபேசியைப் பார்த்தபடி கேட்டாள். “நான் பேசுனது எவ்வளவு எடம் புடிக்கும் சேர்?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “நீ அசையாம உக்காந்து பேசுன. முப்பது எம்.பி. இருக்கும்.”

“இதுல ஒரு பாட்டு அஞ்சு எம்.பி.” என்றாள். பிறகு, “ஆறு பாட்டு” என்றாள்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். பெரிதாக்கிய படத்தை இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொண்டாள். சீடியை மேசை மேலேயே விட்டுவிட்டாள். மறந்துவிட்டாயே என்று நான் கூப்பிட்டதற்கு, “அதுல நான் இல்ல சேர்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

ஸ்டூடியோவை மூடிப் பல வருடமாகிவிட்டது. சீடி என்னிடம்தான் இருக்கிறது. எப்போதாவது போடுவேன். சீர்த்தட்டுகள் ஏறி வருகின்றன, ஒரு முகமும் விடுபடவில்லை. ரோஜாப்பூ விரிகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்குப் பின்னால் அவள் இருக்கிறாள், பாயில், நீலச் சுவருக்கு முன்னால். அவள் பேசிய ஆறு நிமிடமும் எனக்கு மனப்பாடம். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை, கேட்டவன் நான் ஒருவன்தான். நான் போனால் அதுவும் போய்விடும் என்பதால் எழுதத் தொடங்குகிறேன்.

“அம்மா, நாந்தான். நல்லா இருக்கீங்களா? இன்னைக்கி இங்க மழை இல்ல. சேர்தான் எடுக்கிறாங்க, அதனால பயமில்ல.”